பின்னறையிலிருந்து போன் வரை

நம் வயதுக்காரர்களுக்குச் சொன்னால்தான் இது புரியும். நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், தலைக்குச் சாயம் அடிக்கலாமா வேண்டாமா என்று கண்ணாடி முன் நிற்பவர்கள், உங்களைத்தான் சொல்கிறேன். போன் என்பது வீட்டில் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்த காலம் நினைவிருக்கிறதா? அது நம்மைத் தேடி வராது. நாம்தான் எழுந்து போக வேண்டும். கையில் மாவு ஒட்டியிருந்தாலும் தலையில் சோப்பு நுரை இருந்தாலும் மணி அடித்தால் ஓட வேண்டும். என் மகனிடம் இதைச் சொன்னால், ஐயோ பாவம் என்பதுபோல் பார்க்கிறான்.

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு போன் முன்னறையில், ஷோகேஸுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியின் மேல் இருந்தது. சந்தன நிறம். அதற்கு அம்மா குரோஷா ஊசியில் வெள்ளை நூலால் ஓர் உறை பின்னியிருந்தாள். ஓரமெல்லாம் சிவப்புப் பூக்கள், ஒரு மூலையில் மட்டும் பூ இல்லை. அந்த மூலைக்கு வருவதற்குள் அம்மாவின் இடது கை நின்றுவிட்டது. அந்த உறை இப்போது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.

அப்பா பிரான்சில் இருந்தார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் பல குடும்பங்களில் அந்தக் காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை எழுதிக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலும் அது அப்பா வழியில் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனவர், பாரிசுக்கு வெளியே ஏதோ ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தார். ஒரு வீடு கிடைத்ததும் எங்களை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை மாலை போன் வரும். நாமெல்லாம் ஹலோ என்போம். அப்பா 'அலோ' என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் நான் வாரம் முழுக்கப் பெருமையடித்துக்கொள்வேன்.

அந்த வருஷம் ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னல் ஒரு பக்கமாக இழுத்தது. "ஏம்மா இழுக்கற?" என்றேன். திரும்பிப் பார்த்தால் அம்மா சுவரில் சாய்ந்து, தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். சீப்பு கீழே கிடந்தது. பாதிப் பின்னலோடு நான் தெருவுக்கு ஓடினேன். நாலு பேர் வந்து அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடது பக்கம் முழுக்க வாதம் என்றார்கள். அப்போது அவளுக்கு இப்போதைய என் வயதுகூட இல்லை.

பக்கத்தில் உள்ள சாரத்திலிருந்து அத்தை பெட்டியோடு வந்து இறங்கினாள். அப்பாவுக்கு அக்கா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, குரலில் மட்டும் குறைவில்லை. அன்றிலிருந்து வீடு அத்தையின் தோளில்தான் நின்றது. அம்மாவைக் குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, ஊட்டிவிடுவது எல்லாம் அவள்தான். அவள் இல்லையென்றால் நாங்கள் திண்டாடிப் போயிருப்போம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் அவளைத் திட்டக் கூடாது என்பதற்காக.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அத்தை சட்டம் போட்டாள்.

"தம்பிகிட்ட மட்டும் வாயத் தொறந்துடாத. கேட்டான்னா அங்க ஒரு நிமிஷம் இருக்க மாட்டான், அப்படியே போட்டுட்டு வந்துடுவான். வந்து இங்க என்னா பண்ணுவான்? கால் வராதவளுக்கு விசாவும் குடுக்க மாட்டாங்க. ஆடி மாசம் வக்கான்சுக்கு வருவான்ல, அதுக்குள்ள நீ எழுந்து நடந்துட்டேன்னா ஜொரம் வந்து போனாப்போல போயிடும்."

வக்கான்ஸ் என்றால் விடுமுறை. கால் வராதவளுக்கு விசா கிடையாது என்பது அத்தையே கண்டுபிடித்த சட்டம். யாரும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது ஒன்றுதான். "சரி அண்ணி" என்றாள்.

அப்பாவுக்குத் தெரியக் கூடாதென்றால் தெருவுக்குத் தெரியக் கூடாது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் பாரிசில் இருந்தார். நெல்லித்தோப்பில் காலையில் நடந்த சண்டைக்குச் சாயங்காலம் பாரிசில் பஞ்சாயத்து நடக்கும். அதனால் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை, ஓய்வெடுக்கிறாள் என்று அத்தை தெருவில் சொல்லிவைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டுக் கட்டாகக் கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்தார்கள். அத்தை அதை அரைத்து, வீணாக்கக் கூடாதென்று எனக்குக் கொடுத்தாள். அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

வாசல் கதவு சாத்தியே கிடந்தது. என் கூட்டாளிகள் யாரும் உள்ளே வரக் கூடாது. நானும் வெளியே போய் வாயைத் திறக்கக் கூடாது. வாயைத் திறக்காமல் விளையாடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் விளையாடப் போவதையே விட்டுவிட்டேன்.

வாரத்தில் சில நாள் மட்டும் வெளிச்சம். விடிந்தும் விடியாததுமாக ஆட்டோ வைத்துக்கொண்டு அம்மாவைக் கோரிமேட்டுக்குக் கூட்டிப்போவோம். ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சிக்கென்று ஒரு நீள அறை. பினாயில் வாடை. நடுவில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு கம்பிகள், அவற்றின் முடிவில் ஆளுயரக் கண்ணாடி. விழுப்புரம், திண்டிவனம் பஸ்களில் வந்து இறங்கியவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரு கை மடியில் கிடக்கும். வானூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், கம்பிக்குள் நடக்கும்போது "ஹை, ஹை" என்று தன் காலையே ஏர் மாட்டைப்போல் அதட்டி ஓட்டுவார். நோய் வந்தபின் அம்மா முதல்முறை சிரித்தது அவரைப் பார்த்துத்தான். வாய் ஒரு பக்கம்தான் விரிந்தது, ஆனாலும் அது சிரிப்புதான்.

பயிற்சி கொடுத்தவர் இளவயதுப் பெண். எல்லோரும் மேடம் என்றார்கள். அவர் அம்மாவைக் கம்பிக்கு நடுவே நிறுத்தி, முன்னால் ஒரு குட்டி ஸ்டூலைப் போட்டார்.

"நல்ல காலைத் தூக்கி இது மேல வைங்கம்மா."

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, வராத காலுக்குத்தான வைத்தியம்? நல்ல காலை எதுக்குத் தூக்கச் சொல்ற?"

"நல்ல காலு மேல போனாத்தாங்க இந்தக் காலு மேல வெயிட்டு எறங்கும். இத்தினி நாளா நல்ல காலே எல்லா வேலையும் பாக்குது. இது சும்மா நின்னு வேடிக்கை பாத்துட்டு இருக்குது."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா வலது காலைத் தூக்கினாள். இடது முட்டி கிடுகிடுவென்று ஆடியது. மேடம் தன் முட்டியால் அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, "நில்லுங்க, நில்லுங்க, அதுக்கும் கொஞ்சம் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் அம்மாவின் நெற்றியெல்லாம் வியர்வை.

சில வாரங்கள் கழித்து ஒருநாள் அவர் கேட்டார். "வீட்டுல எங்க நடந்து போவணும்னு ஆசையா இருக்குது?"

சமையற்கட்டு என்று அம்மா சொல்வாளென நினைத்தேன். அத்தை, "பாத்ரூமுக்குப் போனாப் போதும்" என்று பதிலைத் தானே சொல்லிவிட்டாள்.

"போனுக்கு," என்றாள் அம்மா.

மேடம் சிரிக்கவில்லை. போன் எங்கே இருக்கிறது, கட்டில் எங்கே, நடுவில் என்னென்ன தடை என்று விசாரித்தார். பின்னறைக் கட்டில், ஒரு நிலைப்படி, கூடம், இன்னொரு நிலைப்படி, முன்னறை. நான்தான் விரலால் காற்றில் வரைந்து காட்டினேன். "மணி நிக்கறதுக்குள்ள போய்ச் சேரணும், அவ்ளோதான? அதையே பழகலாம்," என்றார். கட்டிலிலிருந்து இரண்டு காலிலும் சமமாக அழுத்தி எழுந்திருப்பது, குதிகாலை முதலில் ஊன்றுவது எல்லாம் அந்த போனுக்காகவே நடந்தன. படிக்கென்று தனியாக ஒரு பாடம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வராத கால் முதலில். ஏறுவது அம்மாவுக்குச் சுலபமாக வந்தது. இறங்கும்போதுதான் பயந்தாள். நம்பிக்கை இல்லாத காலை முதலில் அனுப்ப வேண்டுமே.

வீட்டில் நான்தான் போன். சொன்னால் சிரிப்பீர்கள். முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "ட்ரிங், ட்ரிங்" என்று வாயாலேயே அடிப்பேன். மூச்சு முடிவதற்குள் அம்மா பின்னறையிலிருந்து வந்துவிட வேண்டும். முடக்குப் பாதம் தொங்காமல் பிடித்துக்கொள்ள வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு பட்டை கொடுத்திருந்தார்கள். அதன் மேல் ஹவாய்ச் செருப்பு. செருப்பு கழன்று விழுந்தாலும் அந்தக் காலுக்குத் தெரியாது என்பதால், அத்தை பழைய பெல்ட்டை வெட்டிக் குதிகாலுக்கு வார் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். கூடத்தில் சிவப்பு சிமெண்ட் தரை. இடது செருப்பின் நுனி உரசி உரசி, பின்னறையிலிருந்து முன்னறை வரை ஒரு கோடு விழுந்தது. வெயில் சாயும்போது அது தனியாகப் பளபளக்கும். நான் மூச்சை நீளமாகப் பிடிக்கப் பழகியது அந்த நாட்களில்தான்.

ஞாயிற்றுக்கிழமை நிஜ மணி அடித்தால் முதலில் நான் எடுத்து, "அம்மா அடுப்பாண்ட இருக்குது, தோ வருது" என்பேன். பிறகு அம்மா, "நீ எடுக்காத, நான் வரேன்" என்று சொல்லிவிட்டாள். மணி அடித்து அடித்து நின்றுபோகும். அம்மா கூடத்தின் நடுவில் நின்றுவிடுவாள். மறுபடி அடிக்கும். அம்மா மறுபடி கிளம்புவாள். தை பிறந்து ஒரு ஞாயிறு, இரண்டாம் முறை அடித்த மணி நிற்பதற்குள் அவள் கை போனின் மேல் விழுந்தது. ஷோகேஸில் சாய்ந்துகொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாள்.

"இல்லீங்க, துணி காய வெக்கப் போயிருந்தேன், அதான்."

பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் தரையில் உருண்டு சிரித்தேன்.

அத்தைக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவளுக்குப் பொறுமை கிடையாது. ஆடி நெருங்குகிறது, இப்படி அங்குலம் அங்குலமாக நடந்தால் ஆகுமா? யாரோ சொன்னார்களென்று சந்தையிலிருந்து ஒரு புறாவை வாங்கிவந்து அறுத்து, சூடு ஆறுவதற்குள் அதன் ரத்தத்தை அம்மாவின் கையிலும் காலிலும் தேய்த்தாள். வாதத்துக்கு அதுதான் கைகண்ட மருந்தாம். கழுவக் கூடாது என்று உத்தரவு. காய்ந்து வெடித்த ரத்தத்தில் எறும்பு மொய்த்தது. கடித்தது அம்மாவுக்குத் தெரியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இதைச் செய்தது கெட்ட எண்ணத்தில் இல்லை. மறுநாள் அந்தப் போர்வையைத் துவைக்கும்போது அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே துவைத்தாள்.

மாசியில் ஒருநாள் கோரிமேட்டில் ஆட்டோவே கிடைக்கவில்லை. ஆள் ஏற்றிப் போகும் டெம்போவுக்கு நின்றோம். எங்கள் தெருக்கோடி வீட்டு அம்மாள், மகன் பிரான்சில் இருப்பவர், எங்களைப் பார்த்துவிட்டார். "என்னா, இவ்ளோ தூரம்?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. "இனிமே வீட்டுலயே பண்ணிக்கலாம், எல்லாம் தெரிஞ்சதுதான" என்று ஆஸ்பத்திரிக்குப் போவதை அன்றோடு நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, மணி அடிக்கும்போது அம்மா நிலைப்படியில் தடுக்கி விழுந்தாள். முட்டி வீங்கிவிட்டது. அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பாவி, ஒரு போனுக்காக உன்னை இந்தப் பாடு படுத்தறேனே" என்றாள். அந்த வாரமே தெரிந்த ஆளைப் பிடித்து நீள ஒயர் இழுத்து, போனைப் பின்னறைக்குக் கொண்டுபோய் அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டாள். உறையை மட்டும் முக்காலியிலேயே விட்டுவிட்டாள். எனக்கு அது சரியான யோசனையாகத்தான் பட்டது. இனி அம்மா விழ மாட்டாள் அல்லவா?

அம்மா மணி அடித்ததும் எடுத்தாள். படுத்தபடியே பேசினாள். மூச்சு வாங்கவில்லை, பொய் சொல்லவும் தேவைப்படவில்லை. "நல்லா இருக்கேங்க. சாப்டாச்சு." அத்தை கூடத்திலிருந்து கேட்டுத் தலையாட்டிக்கொள்வாள்.

போகப் போக அம்மா எழுந்திருப்பது குறைந்தது. எங்கே போவதற்கு எழுந்திருப்பாள்? சாப்பாடு வந்தது, தண்ணீர் வந்தது, போனும் வந்துவிட்டது. மேடம் சொன்ன நல்ல காலைப்போல் அத்தையே எல்லா வேலையும் பார்த்தாள் என்று வையுங்கள். பிளாஸ்டிக் பட்டை ஆணியில் தொங்கியது. இடது பாதம் உள்பக்கமாக மடங்கிக்கொண்டது. விரல்கள் எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் சுருண்டன. எழுப்பி நிறுத்தினால் குதிகால் தரையைத் தொடவில்லை.

அந்தப் பெரிய லீவைப்போல் நீளமான லீவு என் ஆயுளில் வரவில்லை. வெளியே பையன்களும் பெண்களும் கத்திக்கொண்டு ஓடுவது கேட்கும். உள்ளே அத்தை டி.வி.யில் தொடர் பார்ப்பாள். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நான் கூடத்துத் தரையில் அந்தக் கோட்டின் மேல் குப்புறப் படுத்து, கன்னத்தை அதில் வைத்துக்கொள்வேன். குளிர்ச்சியாக இருக்கும். கோட்டின் பளபளப்பு மங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் ஆசை தாளாமல் "ட்ரிங், ட்ரிங்" என்று அடித்துப் பார்த்தேன். பின்னறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூச்சு முடிந்தது. மறுபடி அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனி பிறந்து ஒரு ஞாயிறு. மாலை. அம்மா என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். "அந்தப் பட்டையை எடு," என்றாள் மெல்ல. மடங்கிய பாதத்தை அதற்குள் நுழைப்பதற்குள் இருவருக்கும் வியர்த்துவிட்டது. வார் வைத்த செருப்பை மாட்டினேன். அப்போது போன் அடித்தது. அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் அடித்தது. அவள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"எடும்மா, அடிக்குதுல்ல!" என்றாள் அத்தை சமையற்கட்டிலிருந்து.

அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். மணி பின்னால் அடித்துக்கொண்டிருக்க, நிலைப்படி தாண்டி, கூடம் தாண்டி, முன்னறைக்கு வந்தாள். போன் இல்லாத முக்காலியைக் கடந்து வாசல் கதவைத் திறக்கச் சொன்னாள். அத்தை ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"எங்க போற?"

"போன் பேச."

"போன் உள்ளல்ல அடிக்குது?"

"அது எனக்கு வேணாம் அண்ணி."

அம்மா நல்ல கையை என் தோளில் வைக்கவில்லை, சுவரில் வைத்தாள். தெருவில் இறங்கினாள். மூலையில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத், மஞ்சள் போர்டு. ஓடினால் ஒரு நொடி. அன்றைக்கு அது ஊர்க்கோடியில் இருந்தது. இடது கால் அரைவட்டம் போட்டு, நுனியை இழுத்து இழுத்து வந்தது. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூட நடந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. எல்லோரும் எழுந்து வந்து பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

ஒருவரும் எழுந்து வரவில்லை. இஸ்திரி வண்டிக்கருகில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அக்கா தலையை மட்டும் நிமிர்த்தி, "ஓரமா வாம்மா, அங்க பள்ளம். காலு இப்ப தேவலாமா?" என்றாள்.

அம்மா நின்றுவிட்டாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"என்னாம்மா கேக்கற? உன்னை ஆட்டோல ஏத்துனப்ப எங்க வூட்டுக்காரருந்தான ஒரு பக்கம் புடிச்சாரு? மஞ்சக்காமாலன்னு சொன்னீங்க. சொல்ல இஷ்டமில்லபோலன்னு கீழாநெல்லி பறிச்சுக் குடுத்தோம்."

சாத்திய கதவுக்குள் நாங்கள் காத்துக் கிடந்தது எதை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பூத்துக்கு ஒரு படி. அம்மா நல்ல காலை வைத்து ஏறினாள். பூத்துக்கார அண்ணன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றபடி, மனப்பாடமாக இருந்த நீள எண்ணை ஒற்றை விரலால் அழுத்தினாள். நான் கதவிடுக்கில் நின்றேன்.

"அலோ," என்றாள் அம்மா. அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "நான்தாங்க. மூலை பூத்துலேர்ந்து பேசறேன். நடந்துதான் வந்தேன். எனக்கு ஒரு பக்கம் வரலைங்க. காலும் வரல, கையும் வரல. மழைக்காலத்துலேர்ந்து."

பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் மெல்லச் சிவந்தது. "எப்பலேர்ந்து?" என்றாள். பிறகு, "அப்ப ஏன் கேக்கல?" என்றாள். ரிசீவரை ஒரு சத்தமும் இல்லாமல் வைத்தாள்.

வெளியே வந்து படியின் விளிம்பில் நின்றாள். இறங்க வேண்டும். என்னைப் பார்த்துச் சொன்னாளா, தெருவைப் பார்த்துச் சொன்னாளா தெரியாது.

"அவருக்குத் தெரியுமாம். மார்கழியிலயே யாரோ சொல்லிட்டாங்களாம். நானா சொல்லட்டும்னு இருந்தாராம். முன்னல்லாம் மணி ரொம்ப நேரம் அடிக்குமாம், அவ நடந்து வராப்போல இருக்குதுன்னு காதுல வெச்சுகிட்டே நிப்பாராம். பங்குனிலேர்ந்து ஒடனே எடுக்கறேனாம். நான் படுத்துட்டேன்னு அங்க உக்காந்து அழுதாராம்."

சுவரில் கையை ஊன்றி, "அழுதாராம். ஒரு வார்த்தை கேக்கல பாரு," என்றாள். வராத காலை முதலில் கீழே அனுப்பினாள். அது நடுங்கியது, ஆனால் தாங்கியது. நல்ல கால் பின்னால் வந்து சேர்ந்தது.

பாதி வழியில் அத்தை எதிரே வந்தாள், இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. "உக்காந்துட்டு வாயேன்" என்று கெஞ்சினாள். "வேணாம் அண்ணி," என்றாள் அம்மா, கோபமில்லாமல். அத்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வீடு வரை நடந்து வந்தாள். மறுநாள் ஒயர்க்காரரை அவளேதான் கூட்டிவந்து போனை முக்காலிக்கே கொண்டுபோக வைத்தாள்.

பட்டப்பகலில் டெம்போ ஏறிக் கோரிமேட்டுக்கு மறுபடி போனோம். மேடம் மடங்கிய பாதத்தை நிமிர்த்திப் பார்த்தார், அது பாதிதான் வந்தது. விட்ட மாதங்கள் விட்டவைதான். அம்மா நடந்தாள், கடைக்குப் போனாள், என் கல்யாணத்துக்கு மணவறைவரை நடந்து வந்தாள். ஆனால் அந்தக் குதிகால் கடைசிவரை முழுசாகத் தரையில் உட்காரவில்லை.

அப்பா ஆடியில் வந்தார். அம்மா வாசல்வரை நடந்து போனாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், கொண்டுவந்த பெட்டிகள் நடுவில் கிடந்தன. அவரும் நல்லவர்தான். எங்கள் வீட்டில் கெட்டவர் யாருமே இல்லை, அதுதான் தொந்தரவு. பாரிசுக்கு அழைத்தார், அம்மா போகவில்லை. வருஷா வருஷம் வந்து போய்க்கொண்டிருந்தார், பிறகு அங்கேயே மண்ணுக்குப் போனார். கல்லூரியில் படிக்கும்போது, மணியைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற அப்பாவை நினைத்து உருகியிருக்கிறேன். எனக்கென்று ஒரு வீடு வந்த பிறகு அம்மாவின் பக்கம் சாய்ந்துவிட்டேன். கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் கதவு மார்கழியிலேயே திறந்திருக்கும்.

இப்போது நான் இருப்பதும் வெளிநாட்டில்தான். வேறு ஊர், அதே குளிர். ஞாயிற்றுக்கிழமை அழைக்கிறேன். அம்மாவுக்கு செல்போன் வாங்கிக் கொடுத்து, இடுப்பில் சொருகிக்கொள்ளச் சொன்னேன். அவள் அதை முன்னறையில் அந்த முக்காலியின் மேல் வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே அத்தை உட்கார்ந்திருப்பாள், வயதாகிக் காது மந்தம், ஆனால் அந்த மணி கேட்கும். கை நீட்டினால் எட்டும். எடுக்க மாட்டாள்.

மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. நான் மறுபடி அழைக்கிறேன். என் மகன், "வீட்டில் இல்லைபோல, விடும்மா" என்கிறான். நான் காதிலிருந்து எடுப்பதில்லை. பின்னறை, நிலைப்படி, கூடம், நிலைப்படி. நின்றுபோகும் தறுவாயில் மணி ஓய்கிறது, மேல்மூச்சு கேட்கிறது.

"அலோ."

"ம்மா, காலு எப்படி இருக்குது?"

"அதான் வந்துட்டனே."